புற்றுக்காளானும் பீங்கான் தட்டும்

பத்தாவது வரை படித்தவள் வாராவாரம் இப்படிப் பத்திரிகையில் ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. போன வாரம் குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர், "இன்னாக்கா, பெரிய எய்த்தாளரு ஆய்ட்டீங்க" என்றார். வாங்கப் போன துவரம் பருப்பை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இந்த வாரம் காளான். அதைப் பற்றிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்தவள், அவ்வளவுதான். தப்பாக ஏதும் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடவும் வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

இரண்டு உள்ளங்கால்கள்

முதலில் நினைவுக்கு வருவது மாடிவீட்டு இசக்கியின் உள்ளங்கால்கள்தான்.

குவார்ட்டர்ஸின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கருவேலம் புதர் மண்டிய இடம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு கரையான் புற்று. முந்தின நாள் இடியோடு மழை பெய்திருந்தது. இசக்கி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, புற்றின் அடியில் குப்புறப் படுத்திருக்கிறாள். அவளுடைய கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளங்கால் முழுக்கச் செம்மண். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"இன்னாமே பண்ற அங்க? யாராவது பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"பேசாம இருட்டி. மோந்து பாக்கேன்."

"மோந்து பாத்தா இன்னா தெரியும்?"

"ஒனக்கு மூக்குன்னு ஒண்ணு பவுடர் போடத்தான் இருக்கா?"

பிறகு கையைப் பின்னால் நீட்டி ஒரு காளானை என்னிடம் தந்தாள். மொக்கு விரியவில்லை. ஈரமும் குளிருமாக, பிறந்த குழந்தையின் முழங்கால் போல இருந்தது. முகர்ந்தேன். மண்ணும் பச்சரிசி மாவும் கலந்த ஒரு வாசனை. இத்தனை வருஷம் கழித்தும் முதல் மழை விழும்போது என் மூக்கு அதைத்தான் தேடுகிறது.

ஊரே பேராக

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். குவார்ட்டர்ஸில் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குடும்பங்கள் வந்திருந்தன. பெண்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஊர்தான் பேர். கீழ்வீட்டில் தருமபுரி, எதிரே சிவகங்கை, மூன்றாவது வரிசையில் இரண்டு கும்பகோணம். அதில் ஒருத்தி சின்னக் கும்பகோணம். மாடியில் இசக்கி, தென்காசி. நான் பூந்தமல்லி.

எல்லோரும் ரயிலேறி வந்தவர்கள். நான் மட்டும் ஷேர் ஆட்டோவில் வந்தவள். "ஒனக்கெல்லாம் ஒரு ஊருன்னு பேரா? வெயில்ல காயப்போட்ட துணிய எடுக்கப் போயிட்டு வந்துரலாம்லா" என்று இசக்கி கேலி செய்வாள்.

அந்தப் பெண்கள் கூடிவிட்டால் சமையல் பேச்சு வரும். காளான் பேச்சு வந்தால் சண்டைதான். சிவகங்கைக்குக் காளான் என்றால் வைக்கோல் போரில் முளைப்பது. கும்பகோணம் இரண்டு பேரும் வாயிலேயே வைக்க மாட்டார்கள். தருமபுரிக்கு மலையடிவாரத்தில் பறித்த நினைவு. எங்கள் பூந்தமல்லி வீட்டில் தரையில் முளைக்கிற எல்லாமே நாய்க்குடை. காலால் தட்டிவிட்டுப் போவோம். சட்டியில் போட்ட வெள்ளிக் காசு கறுக்கவில்லை என்றால் தின்னலாம் என்று ஒருத்தி சொல்வாள். மஞ்சள் போட்டு வேகவைத்தால் விஷம் முறிந்துவிடும் என்று இன்னொருத்தி. இதெல்லாம் பொய் என்பதை நாங்கள் பிறகு தெரிந்துகொண்டோம்.

இசக்கி தின்றது புற்றுக்காளான் ஒன்றைத்தான். மற்றதைத் தொடக்கூட மாட்டாள்.

அதற்கு அவள் சொன்ன அடையாளங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். குடையின் நடுவே கூரான மூக்கு இருக்க வேண்டும். காம்பில் மோதிரம் போலப் பாவாடை எதுவும் சுற்றியிருக்கக் கூடாது. அடியைத் தோண்டினால் காம்பு முடிந்துவிடக் கூடாது. வேர் போல மெலிந்து மெலிந்து புற்றுக்குள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்குமே, அது வெள்ளையாகவோ லேசான ரோசாகவோ இருக்கலாம். பச்சை தட்டினால் கிட்டே போகாதே.

பறிக்கும் முன் புற்றைத் தொட்டு அவள் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். "உள்ள இருக்கவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடணும்லா" என்பாள்.

குனிந்த தலை

கண்டுபிடிப்பது மட்டும் என் வேலை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். எதிரே ஆள் வந்தால் தலையைக் குனிந்துகொள்வேன். தெருவில் யார் போனார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என்ன செருப்புப் போட்டிருந்தார்கள் என்று கேளுங்கள், சொல்கிறேன்.

மழை விட்ட மறுநாள் காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் கிளம்புவோம். அவள் பேசிக்கொண்டே வருவாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். மண் லேசாக வெடித்து மேலே தூக்கியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். நின்றுவிடுவேன். அவள் குனிந்து பார்ப்பாள்.

"நீ மட்டும் நிமிந்து நடக்கவளா இருந்தா நமக்கு ஒரு காளானும் கெடைச்சிருக்காதுட்டி" என்பாள். என் கூச்சத்தை நல்லது என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

சின்ன வெங்காயம், நாலு மிளகு, கொஞ்சம் நல்லெண்ணெய். வேறு எதுவும் போட மாட்டாள். கோழிக்கறி மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. வேறு எது மாதிரியும் இருக்காது. இப்போது பூந்தமல்லி மார்க்கெட்டில் பிளாஸ்டிக் டப்பாவில் வெள்ளை வெளேரென்று காளான் விற்கிறார்கள். என் மகள் ரேவதி வாங்கி வந்து சமைக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது. முகர்ந்தால் ஒன்றும் இல்லை.

மாடியிலிருந்து ஒரு வார்த்தை

ஒரு மழைக்காலம், நான் அம்மாவைப் பார்க்கப் பூந்தமல்லி போயிருந்தேன். திரும்பி வந்தபோது தருமபுரி வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டில் நாலு பேரும் ஆஸ்பத்திரியில்.

நடந்தது இதுதான். விளையாட்டு மைதானத்துப் புல்லில் வெள்ளைக் குடைகள் வட்டமாக முளைத்திருக்கின்றன. தருமபுரி ஒரு முறம் நிறையப் பறித்து வந்திருக்கிறாள். மாடியில் இசக்கி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். தருமபுரி கீழே நின்று முறத்தைத் தூக்கிக் காட்டி, "ஏங்க்கா, இதுதானே நீங்க திங்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். இசக்கி வாயில் கிளிப்பைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஆமா, அதான்" என்று சொல்லிவிட்டாள்.

மேலிருந்து பார்த்தால் எல்லாக் காளானும் வெள்ளைக் குடைதான். குடைக்கு அடியில் என்ன என்று மாடிக்குத் தெரியாது.

எல்லோரும் பிழைத்து வந்தார்கள். ஆனால் அந்த நாட்களில் இசக்கி சோற்றில் கை வைக்கவில்லை. அவர்கள் வருவதற்குள் வீட்டைக் கழுவி வைக்கலாம் என்று சாவியை எடுத்துக்கொண்டு இருவரும் உள்ளே போனோம். சமையல் மேடையில் ஒரு பீங்கான் தட்டு. அதில் சமைக்காமல் ஒதுக்கிய ஒரே ஒரு காளான் குடை கவிழ்ந்து, கறுத்துப் போயிருந்தது. நான் அதை எடுத்தேன். அடியில் தட்டின் மேல், குடையிலிருந்து உதிர்ந்த பொடி படிந்திருந்தது. சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வரி வரியாக, பாசிப் பச்சை நிறத்தில்.

இசக்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மொக்குல இது வெள்ளையாத்தான்ட்டி இருந்திருக்கும்" என்றாள்.

தருமபுரி திரும்பி வந்து, "பறிச்சது நான்தானேக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள். அந்த வார்த்தை இசக்கியை இன்னும் வதைத்தது.

அடுத்த மழைக்கு அவள் வெளியே வரவில்லை. நான் தனியாகப் போய் ஒரே ஒரு புற்றுக்காளானைப் பறித்து, அவள் அடுப்பங்கரை வாசலில் நின்று நீட்டினேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல எனக்குத் தெரியாது. வெகு நேரம் கழித்து வாங்கிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள், கீறிப் பார்த்தாள், முகர்ந்தாள்.

"இனிமே கையில வாங்காம சொல்ல மாட்டேன். நீ பாக்கணும், நானும் பாக்கணும். ரெண்டு பேருக்கும் சரின்னு பட்டாத்தான் சட்டிக்குப் போகட்டும்" என்றாள்.

அதிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். ஒவ்வொரு காளானையும் நான் எடுத்துத் தருவேன், அவள் பார்த்து, "சட்டிக்குப் போகட்டும்" என்பாள். நூறு காளான் என்றாலும் நூறு தடவை சொல்வாள்.

ஒரு குடையை மட்டும் சமைக்காமல் பீங்கான் தட்டில் கவிழ்த்து, மேலே கிண்ணத்தை மூடி வைப்பாள். மறுநாள் காலை மாடியிலிருந்து குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள்: "ஏ பூந்தமல்லி! ரோசுட்டி!" புற்றுக்காளானின் பொடி ரோசு நிறம். அதற்குள் நாங்கள் தின்று செரித்தும் விட்டிருப்போம். தட்டு சொல்கிற வரை காத்திருந்தால் காளான் கெட்டுப்போகும். உண்மை தெரிகிறபோது அதனால் பிரயோஜனம் இருக்காது. இருந்தாலும் அந்தக் கத்தலைக் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

சேக்காட்டுக் காலி மனை

இசக்கியின் வீட்டுக்காரர் முதலில் ஓய்வு பெற்றார். அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். பிறகு நாங்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து பக்கத்திலேயே சேக்காட்டில் சின்னதாக ஒரு வீட்டுக்கு வந்தோம். இங்கே நான் ரேவதியம்மா, இல்லாவிட்டால் ஆன்ட்டி. பூந்தமல்லி என்று கூப்பிட ஆளில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை. அதில் ஒரு புற்று. வெள்ளிக்கிழமை தெருப்பெண்கள் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். அந்தப் புற்றுக்குப் பின்பக்கம் மழை வந்தால் காளான் வரும். குடிவந்த முதல் வருஷமே பார்த்துவிட்டேன். என் கண் சும்மா இருக்குமா?

ஆனால் பறித்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் போய்ப் பார்ப்பேன். மொக்கு, பிறகு குடை, பிறகு சாய்ந்து கறுப்பது. பார்த்துவிட்டு வந்து வேலையைப் பார்ப்பேன். இரண்டாவது ஆள் இல்லையே.

இந்த வருஷம் மழை வந்த மறுநாள் என்னால் முடியவில்லை. ரேவதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் போனில் படம் பிடித்து, பேர் கண்டுபிடிக்கும் ஏதோ ஒரு ஆப்பில் போட்டாள். அது மூன்று பேர் சொன்னது.

"தென்காசி ஆன்ட்டிக்கு வீடியோ கால் போடுமா" என்றேன்.

ரேவதி போட்டாள். திரையில் இசக்கியின் நெற்றியும் பாதிக் கண்ணும் தெரிந்தன.

"தென்காசி! வந்துகீது!"

"ஏ பூந்தமல்லி! யாருட்டி வந்திருக்கா?"

"அய்ய, இன்னா கேக்குற? மழை பேஞ்சா யாரு வருவாங்க? ஊட்டாண்ட ஒரு புத்து கீதுன்னு சொன்னேன்ல. அதுலதான்."

"எனக்கு ஒண்ணும் தெரியலட்டி. கண்ணுல பொரை. ஒம் மூஞ்சியே சுண்ணாம்பு அடிச்ச மாதிரிதான் இருக்கு."

"ரேவதி போன் மூணு பேரு சொல்லுது."

"மூணு பேரு சொல்லுதுன்னா அதுக்கு ஒண்ணும் தெரியலன்னு அர்த்தம். நீ சொல்லு. மூக்கு இருக்கா?"

"கீது. கூரா கீது."

"மோதிரம்?"

"இல்ல."

"வேரு?"

"விரல வுட்டுப் பாத்தேன். போய்க்கினே கீது. முடியவே மாட்டேங்குது."

"அடியில மடிப்பு?"

"வெள்ளை. ஆனா மொக்குல எல்லாமே வெள்ளைதானே?"

"ம். மோந்து பாத்தியா?"

நான் உட்கார்ந்து மறுபடி முகர்ந்து பார்த்தேன். "நம்ம தண்ணித் தொட்டியாண்ட அடிக்குமே, அதே வாசனை" என்றேன்.

ரேவதி, "கட் ஆயிடுச்சாமா?" என்று கேட்டாள்.

"சொல்லு தென்காசி" என்றேன்.

"என்னத்தச் சொல்ல?"

"அதான். சட்டிக்குப் போகட்டும்னு."

"சொல்ல மாட்டேன்."

"எல்லாம் சரியாக் கீதுன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. நான் பாக்கலலா?"

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. யாரிடமும் குரல் உயர்த்தாதவள் நடுத்தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். "எத்தினி வருஷமா சொம்மா பாத்துட்டுப் பாத்துட்டுப் போறேன் தெரியுமா? எனக்குத் துன்றதுக்கு வோணாம்மே. நீ சொல்றதக் கேக்கணும். ஒரு வாட்டி சொன்னா இன்னா கொறைஞ்சு போய்டுவ?"

ரேவதி என்னையே பார்த்தாள். பக்கத்துவீட்டு ஜன்னல் திறந்தது.

இசக்கி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏட்டி, அன்னைக்கு மாடியில நின்னு சொன்னேன். இது அதவிடத் தூரம்லா."

நான் போனை ரேவதியிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இன்னொண்ணு சொல்லுதேன், கேளு. நான் காளானையா பாத்தேன்னு நெனைச்ச? ஒங் கையத்தான் பாப்பேன். ஒனக்குச் சந்தேகம்னா கை நின்னுரும். நிக்காம நீட்டினேன்னா நான் சொல்லிருவேன். அந்தக் கைய எனக்கு இப்பம் பாக்க முடியல. அடுத்த வாரம் கண்ணு ஆபரேசன். அது முடியட்டும், அங்கன வாரேன். புத்து எங்க போயிரும்?"

"காளான் போய்டும்ல."

"அது போவும். அடுத்த மழைக்கு வரும்."

போனை வைத்த பிறகு புற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரிந்த குடை ஒன்றை மட்டும் பறித்தேன். மற்றதையெல்லாம் அப்படியே விட்டேன். ரேவதி திரும்பி நடக்கும்போது என் கையை ஒரு தடவை பார்த்தாள். நானும் பார்த்தேன். நகத்தில் செம்மண் இருந்தது.

வீட்டில் பீங்கான் தட்டு ஒன்று, தலைதீபாவளிக்கு வந்தது, பரணில் இருந்தது. இறக்கித் துடைத்து, குடையைக் கவிழ்த்து, கிண்ணத்தை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். தட்டில் ரோசு நிறத்தில் பொடி படிந்திருந்தது. சொல்வதற்காகப் போன் செய்தேன். இசக்கியின் மருமகள் எடுத்து, ஆபரேசனுக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறார்கள், வர மத்தியானமாகும் என்றாள். சரி என்று வைத்துவிட்டு, காலி மனைப் பக்கம் போனேன். நல்ல வெயில். காளான்கள் எல்லாம் விரிந்து சாய்ந்திருந்தன. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன்.